அசாகம்மல்

“வணக்கம், ரோசாப்பூ. அடுத்ததும் வணக்கம், சூரியன் வருது. அடுத்தது ஏதோ சாமி, எந்தச் சாமின்னு தெரியல, ஒரே மாலையா இருக்கு. அதுக்கு நாலு பேரு கும்பிட்டிருக்காங்க. ஏங்க, ஒங்க வாத்தியாருங்களுக்கெல்லாம் லீவுல வேற சோலியே கெடையாதா?”

அழகம்மாள் அடுப்படி நிலைப்படியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்தபடி புருஷனின் போனை வாசித்துக்கொண்டிருந்தாள். வெங்காயக் கையோடு திரையைத் தொடக்கூடாது என்று புறங்கையால் தள்ளித் தள்ளி வாசிப்பாள். அது சில சமயம் இரண்டு செய்திகளைத் தாண்டிப் போய்விடும். “அடச்சீ, ஓடிருச்சு” என்று திரும்ப இழுப்பாள். கூடத்து நாற்காலியில் சாய்ந்திருந்த முத்திருளனுக்கு அந்த “அடச்சீ”யைக் கேட்பதற்காகவே இன்னும் நாலு வணக்கம் வராதா என்றிருந்தது.

போன் ஊமையாகிப் பதினோரு நாள். அழகர் ஆற்றில் இறங்கிய அன்று காலை, அவரைக் குளிர்விக்கத் தோல்பையில் தண்ணீர் சுமந்து வந்து பீச்சுகிறவர்களில் யாரோ ஒரு புண்ணியவான், அழகருக்கு வைத்த குறியை முத்திருளனின் சட்டைப் பைக்குள் விட்டுவிட்டான். அழகர் குளிர்ந்தாரோ என்னவோ, போன் குளிர்ந்துவிட்டது. இதில் வேடிக்கை, திரைக்கு ஒன்றும் ஆகவில்லை. பழுது பார்க்கிறவன் வாங்கிப் பார்த்துவிட்டு, “நல்லாத்தானே சார் இருக்கு” என்றான். கண் தெரிந்தவனுக்கு நல்லாத்தான் இருந்தது. சத்தம்தான் செத்துப்போயிருந்தது. காதில் மாட்டுகிற கருவி எதைப் போட்டாலும் கொர்ரென்று இரைச்சல். ஏழு வருஷத்துப் பழைய மாடலுக்கு உதிரி பாகம் கிடைக்காது என்று கையை விரித்துவிட்டான். பிறந்ததிலிருந்து பார்வை இல்லாத முத்திருளனுக்குப் பேசாத போனும் செங்கல்லும் ஒன்றுதான்.

விரல் எங்கே தொடுகிறதோ அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லும் போன் குரல் அது. ஒருமுறை தொட்டால் சொல்லும், இரண்டு தட்டு தட்டினால் திறக்கும். முத்திருளன் அதை ஓடவிடுகிற வேகத்தில் வேறு எவருக்கும் ஒரு வார்த்தை புரியாது. பொரிகடலை வறுக்கிற மாதிரி படபடவென்று தெறிக்கும். அதிலேயே செய்தித்தாள் படிப்பான், பிள்ளைகளுக்குக் கேள்வித்தாள் தயாரிப்பான். அழகம்மாள் அந்தக் குரலுக்கு வைத்த பெயர் சக்களத்தி. “எஞ் சக்களத்தி என்னத்தையோ பொரிஞ்சு தள்ளுறா, எனக்கு ஒண்ணும் வெளங்கல” என்பாள். சக்களத்திக்கும் அவளுக்கும் பெயரளவில் ஒரு தகராறும் உண்டு. போன் வாங்கிய அன்று அழகம்மாள் தன் பேரையும் நம்பரையும் தானே பெருமையாக, ழகரத்துக்கு ‘zh’ போட்டு ஆங்கில எழுத்தில் பதிந்துவைத்தாள். அந்த இயந்திரக் குரல் அதைப் பார்த்து ‘அசாகம்மல்’ என்றது. இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். திருத்தலாம் என்று அவள் எத்தனையோ தடவை சொன்னாள். முத்திருளன் விடவில்லை. ஊரில் எல்லோர் வாயிலும் அவள் அளகம்மா. கீழக்குயில்குடியில் எவருக்கு வந்தது ழகரம்! வகுப்பில் நாக்கை மடித்துப் பாடம் நடத்துகிற முத்திருளன்கூட வீட்டுக்குள் நுழைந்தால் ‘அளகு’ என்றுதான் கூப்பிடுவான். கொஞ்சல் வந்தால் மட்டும் அசாகம்மல்.

போன் வருவதற்கு முந்தைய பதினைந்து வருஷம் அவள்தான் எல்லாவற்றையும் வாசித்தாள். கல்யாணமான புதிதில் அவன் தபாலில் படித்துக்கொண்டிருந்த எம்.ஏ. பாடமெல்லாம் அவள் குரலில்தான் அவனுக்குள் போனது. கரிகாலனை ‘கரிக்காலன்’ என்பாள், சோழரைச் சோளர் என்பாள், களைப்பில் பாதி வரியில் கொட்டாவி விடுவாள். எல்லாம் வாசிப்பாள், ஒன்றைத் தவிர. அரசாங்கப் படிவங்களில் உடல் குறை பற்றிக் கேட்கிற இடம் வந்தால் அதை வாய்விட்டு வாசிக்கமாட்டாள். “அந்தக் கட்டம் வந்துருச்சு, எழுதிட்டேன்” என்று தாண்டிவிடுவாள். குருடன் என்று இல்லை, பார்வையற்றவர் என்றுகூட அவள் வாயிலிருந்து அவன் கேட்டதே இல்லை. சொல்லக் கூடாத வார்த்தை ஒன்றுமில்லையே, முன்னால் உட்கார்ந்து பாடம் படிக்கும் பிள்ளைகளே சொல்கிறார்கள் என்று ஒருமுறை கேட்டான். “சொன்னா சொல்லட்டும்” என்று எழுந்து போய்விட்டாள். அவளைக் கட்டிக்கொடுத்தபோது சொந்தக்காரர்கள் அந்த வார்த்தையை எத்தனை விதமாகச் சொன்னார்கள் என்பது அவனுக்கும் தெரியும். அதற்குமேல் கேட்கவில்லை.

சக்களத்தி வந்தபிறகு இந்த வாசிப்பு நின்றுபோனது. இப்போது பதினோரு நாளாய்த் திரும்பக் கிடைத்திருக்கிறது. கோயம்புத்தூரில் படிக்கிற மகள் திவ்யா, “ஆன்லைன்ல போட்டா நாளைக்கே வந்துரும்பா” என்றாள். கையில் பிடித்துப் பேசவைத்துப் பார்க்காமல் எப்படி வாங்குவது என்று முத்திருளன் தட்டிக்கழித்தான். அது பாதிதான் உண்மை.

ஆனால் பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது. திருமங்கலத்துக்குத் தெற்கே இருக்கிற அந்தப் பள்ளியில் முத்திருளன் சமூக அறிவியல் வாத்தியார். பத்தாம் வகுப்பு அவன் வகுப்பு. சும்மா கொடுத்துவிடவில்லை, ஆறு வருஷம் கேட்டுக் கேட்டு வாங்கினான். பன்னிரண்டு வருஷமாய் விடாமல் வைத்திருக்கிறான். பொதுத்தேர்வில் வரைபடக் கேள்வி உண்டு, கண் தெரியாதவர் வரைபடம் எப்படி நடத்துவார் என்று அப்போது கேட்டார்கள். அழகம்மாள் அட்டையில் இந்தியாவை வரைந்து, எல்லைக்குச் சணல், ஆறுகளுக்குப் பூக்கட்டுகிற நூல், மலைகளுக்குப் புளியங்கொட்டை என்று ஒட்டிக்கொடுத்தாள். அதை விரலால் தடவித் தடவி அவன் சொல்ல, பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு இமயமலையைத் தொட்டுக் காட்டினார்கள். அந்த வகுப்பு இல்லாத ஜூன் மாதத்தை அவனால் நினைத்துப் பார்க்க முடியாது.

போன வாரம் தலைமையாசிரியர் பள்ளிக்கூட வாட்சப் குழுவில் வகுப்பு ஒதுக்கீடு போட்டிருந்தார். அழகம்மாள் வாசித்தாள். “பத்தாம் வகுப்பு அ பிரிவு, சமூக அறிவியல், திரு முத்திருளன். ஆறாம் வகுப்பு, நூலகப் பொறுப்பு, திரு பாண்டிராஜ். விடுமுறை இனிதே அமைய வாழ்த்துக்கள்.” பாண்டிராஜ் புதிதாக வந்தவர். முத்திருளன் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னான். வாசித்தாள். மறுபடியும் ஒரு தடவை. “அந்தாளு வாழ்த்தெல்லாம் சொல்றாரா? பரவாயில்லையே” என்று சிரித்தான். அந்த மூன்று வரியும் அவனுக்கு மனப்பாடம்.

என்ன போன் வாங்குவது என்பதில்தான் பெரிய சண்டை. பார்வையற்ற நண்பர்களின் குழு இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடந்தது. ஆப்பிள் கட்சிக்குத் தலைவர் சிவக்குமார். வங்கியில் வேலை பார்ப்பவர், முத்திருளனோடு விடுதியில் ஒரே அறையில் கிடந்தவர். அழகம்மாளின் போனுக்குக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் பிரச்சாரம் செய்தார்.

“மாப்ள, சொல்றதக் கேளு. இன்னும் எத்தன நாளைக்கு அந்தக் கொரகொரக் கொரலோட குடித்தனம் பண்ணப்போற? ஆப்பிள்ல தமிழு தேனாட்டம் வரும். ழ, ள, ல மூணும் மூணு மாதிரி கேக்கும்டா. ஒரு தடவ பழகிட்டன்னா யார் கையையும் எதிர்பாக்க வேணாம்.”

“ஆண்ட்ராய்டு பழகுன கைடா.”

“கை பழகும். அதென்ன, காளவாசல் சிக்னலா, மாறவே மாறாதுன்னு சொல்றதுக்கு? எங்கிட்டுத் தட்டணும், எங்கிட்டு இழுக்கணும், ஒரு வாரந்தான்.”

“அண்ணே, அது வெல எம்புட்டு, அத மொதல்ல சொல்லுங்க” என்று நடுவில் புகுந்தாள் அழகம்மாள். சிவக்குமார் விலையைச் சொல்லாமல் வேறு சிறப்புகளைச் சொன்னார்.

கோரிப்பாளையத்தில் ஒரு கடை இருப்பதையும் அவர்தான் சொன்னார். அங்கே பவதாரிணி என்று ஒரு பெண், எத்தனை நேரம் போனைக் கையில் வைத்திருந்தாலும் முகம் சுளிக்கமாட்டாளாம். முகம் சுளிப்பது இவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், குரலில் தெரியுமடா என்றார். புதன்கிழமை வெயில் தாழ்ந்ததும் இருவரும் பஸ் ஏறினார்கள்.

கடைக்குள் குளிரூட்டியின் காற்றும் புதுப் பிளாஸ்டிக் வாசனையும் வந்தன. “வாங்கக்கா. சாரு என்ன மாதிரி போன் பாக்குறாரு?” என்றது ஒரு குரல்.

“அவரு இங்கனதான நிக்கிறாரு. அவர்ட்டயே கேளுங்க” என்றாள் அழகம்மாள்.

“சாரி சார்” என்று அந்தக் குரல் நேராக இவன் பக்கம் திரும்பியது. முத்திருளனுக்கு அப்போதே அந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டது. அவள் இரண்டு போன்களை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். இடது பக்கம் ஆப்பிள், வலது பக்கம் ஆண்ட்ராய்டு. இரண்டிலும் பேசுகிற வசதியை முடுக்கிக் கொடுத்தாள். ஆப்பிள் கைக்கு வழவழவென்று கச்சிதமாக இருந்தது. குரலும் சிவக்குமார் சொன்ன மாதிரி தேன்தான். ஆண்ட்ராய்டு கொஞ்சம் அகலம். ஆனால் விரல்கள் தாமாகவே வழி கண்டுபிடித்துப் போயின. முத்திருளன் அரை மணி நேரம் இரண்டையும் மாற்றி மாற்றித் தடவினான். மனசு தராசு முள்ளாக ஆடிக்கொண்டிருந்தது.

“கேமராவக் காட்டுனா எழுத்தப் படிக்கிற ஆப் இருக்குல்ல, அதுல எது நல்லா வாசிக்குதுன்னு பாத்துருவோம்மா” என்றான். “அளகு, நம்ம பழைய போன எடு. ஸ்கூல் குரூப்பத் தெறந்து வையி.”

“அது எதுக்கு? இந்தா, இங்க கடை நோட்டீஸ் கெடக்கு, இதக் காட்டுங்க.”

“நோட்டீஸ்ல என்ன எழுதியிருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஹெச்.எம். போட்ட ஒதுக்கீடு எனக்கு மனப்பாடம். ஒரு எழுத்து மாறுனாலும் கண்டுபிடிச்சிருவேன்ல.”

“பழைய போன்ல சார்ஜு கம்மியா இருக்குங்க.”

“ரெண்டு நிமிசந்தான, தெற.”

கைப்பை ஜிப் திறக்கிற சத்தம் வர நேரம் பிடித்தது. மேசைமேல் பழைய போனை வைத்தாள். அவளாகத் திறக்கவில்லை. பவதாரிணிதான் குழுவைத் தேடித் திறந்து, ஆப்பிளை அதன்மேல் கவிழ்த்துப் பிடிக்க முத்திருளனின் மணிக்கட்டைச் சரிசெய்தாள். பேசத் தெரிந்தது ஊமையைப் பார்த்தது. அப்புறம் தேன் குரலில் வாசித்தது.

“பத்தாம் வகுப்பு, அ பிரிவு, சமூக அறிவியல், திரு பாண்டிராஜ். ஆறாம் வகுப்பு மற்றும் நூலகப் பொறுப்பு, திரு முத்திருளன்.”

“பாத்தீங்களா, பேர மாத்திப்புடுச்சு” என்று முத்திருளன் சிரித்தான். “சிவக்குமார் என்னமோ பெருசாப் பீத்துனான்.”

ஆப்பிள் நிற்கவில்லை. “குறிப்பு. வரைபட வினாப் பயிற்சியில் உள்ள சிரமத்தையும், ஆசிரியரின் பார்வைக் குறைபாட்டையும் கருத்தில் கொண்டு இம்மாற்றம் செய்யப்படுகிறது. ஆட்சேபம் இருப்பின் வெள்ளிக்கிழமை மாலைக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும்.”

முத்திருளன் ஆப்பிளைக் கீழே வைத்தான். ஆண்ட்ராய்டை எடுத்துப் பழைய போனுக்கு மேலே பிடித்தான். கோணலாகப் பிடித்ததால் இரண்டு தடவை “எழுத்து தெரியவில்லை” என்றது. மூன்றாவது தடவை வாசித்தது. பாண்டிராஜ். நூலகம். பார்வைக் குறைபாடு. வெள்ளிக்கிழமை. அத்தனை விஷயத்தில் அடித்துக்கொள்கிற இரண்டு கட்சியும் இந்த ஒன்றில் வார்த்தை பிசகாமல் ஒத்துப்போயின. வாழ்த்துக்கள் எதிலும் இல்லை.

பக்கத்தில் எப்போதும் கலகலத்துக்கொண்டிருக்கிற அழகம்மாளின் கண்ணாடி வளையல் சத்தமே இல்லை. அவனுக்குக் காது மடல் சூடானது. இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனை காகிதம் வாசித்திருப்பாள்! அதில் எதையெல்லாம் மாற்றினாள்? எதை விட்டாள்? நல்லதாய்க் கேட்டதெல்லாம் நல்லதுதானா?

“இவளுக்குக் கையாளத் தெரியாத போன் எதும்மா?” என்றான்.

“சார்?”

“ஆப்பிள் இவளுக்குத் தெரியாது. அதையே போடுங்க. இனி எனக்கு யாரும் வாசிக்க வேணாம்.”

“அதையே வாங்குங்க” என்றாள் அழகம்மாள். கண்ணாடிக் கதவு திறந்து தெருவின் ஹாரன் சத்தம் உள்ளே வந்து, கதவு மூடியதும் நின்றது.

பவதாரிணி பில் போடப் போகவில்லை. “சார், அக்கா வெளிய தெருவுல நிக்கிறாங்க” என்று மட்டும் சொன்னாள்.

முத்திருளன் கையில் ஆப்பிள் இருந்தது. கோபத்தில் வாங்கினாலும் அவள் நம்பரைப் பதியாமல் எங்கே போவது? குரலால் சொன்னால் எழுதிக்கொள்ளும் என்று சிவக்குமார் சொல்லியிருந்தார். வாத்தியார் நாக்கை மடித்து “அழகம்மாள்” என்றான். போன் தமிழில் எழுதிக்கொண்டு திருப்பிச் சொன்னது. அழகம்மாள். ழகரம் அச்சு அசலாய், ளகரம் தனியாய், மகரத்தில் ஓர் அழுத்தம். குற்றம் சொல்ல ஒன்றுமே இல்லை. இன்னொரு தடவை தட்டினான். அழகம்மாள். யாரோ ஒரு மேடைப் பேச்சாளர் அறிமுகப்படுத்துகிற வேற்றுப் பெண்மணி மாதிரி இருந்தாள். அந்தப் பெண்மணி வெங்காயம் உரிக்கமாட்டாள், அடச்சீ என்று சொல்லமாட்டாள், அட்டையில் கங்கையை ஒட்டி நூலைப் பல்லால் கடித்து அறுக்கமாட்டாள்.

“இதுல என் பழைய அக்கவுண்டப் போட்டுக் குடுக்குறீங்களாம்மா?” என்று ஆண்ட்ராய்டைத் தள்ளினான். “நான் சொல்ற குரலையும் ஒண்ணு ஏத்தணும்.”

அது முடியக் கால் மணி நேரமானது. தொடர்புகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. முத்திருளன் விரலால் மேலே தடவிப் போனான். கரகரத்த பழைய குரல் சொன்னது, “அசாகம்மல், கைபேசி.”

அவனை அறியாமல் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். பவதாரிணி பார்த்திருப்பாள், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டான். “இதையே போட்டுருங்கம்மா” என்றான்.

வெளியே வந்தபோது அழகம்மாள் என்ன போன் என்று கேட்கவில்லை. வழக்கமாக அவள் முழங்கையைப் பிடித்துக்கொள்வான். இன்று மடக்குக் குச்சியை விரித்தான். சிரித்தது சரி, கோபம் எங்கே போய்விடும்? அவள் நாலடி தள்ளி நடந்தாள். பெரியார் பஸ் நிலையத்தில் இறங்கி அடுத்த பஸ் மாறியும் பேச்சில்லை. பக்கத்துப் பக்கத்து இருக்கை, ஜன்னலோரம் அவள். நாகமலை தாண்டும்போது அவள் மூக்கை உறிஞ்சினாள். முத்திருளனுக்குப் பொறுக்கவில்லை.

“ஒன் போன்லருந்து எனக்கு ஒரு கால் போடு. மணி அடிக்குதான்னு பாப்போம்” என்றான்.

அவள் கைப்பையைத் துழாவினாள். கொஞ்ச நேரத்தில் அவன் மடியிலிருந்து பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி அந்தக் கரகரக் குரல் கத்தியது: “அசாகம்மல் அழைக்கிறார்! அசாகம்மல் அழைக்கிறார்!”

முன் இருக்கையில் யாரோ சிரித்தார்கள். அழகம்மாள் “ஆத்தாடி” என்று வாயைப் பொத்தினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவனுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும் ஒரே தொண்டையிலிருந்துதானே வருகிறது.

“ஏன் மாத்தி வாசிச்ச?” என்று மெதுவாகக் கேட்டான்.

“ஏமாத்தணும்னு இல்லங்க. அன்னைக்கு நீங்க அம்புட்டு ஆசையா, வாசி வாசின்னு ஒக்காந்திருந்தீங்க. நானும் வாசிக்கத்தான் வாயத் தொறந்தேன். அந்த வார்த்த வந்து நிக்கிது. என் வாயால வரலங்க. சத்தியமா வரல. பேர மாத்திச் சொல்லிட்டு, நாளைக்குச் சொல்லிருவோம், நாளைக்குச் சொல்லிருவோம்னு இன்னிக்கு வரைக்கும் வந்துருச்சு. நேத்து ராத்திரி வெள்ளிக்கெழமைய நெனச்சுத் தூங்கல.”

“வேற எதையெல்லாம் மாத்துன?”

“அது ஒண்ணுதான். அப்பறம், நீங்க மொதல் தடவ பி.எட். பெயிலானப்ப மார்க்க அஞ்சு கூட்டிச் சொன்னேன்.”

“அடிப்பாவி! பாஸ் மார்க்குக்கு ரெண்டு கம்மின்னு நான் இம்புட்டு வருசமா எல்லாருட்டயும் சொல்லிட்டு அலையுறேன்.”

“ஏழு கம்மி” என்றாள்.

பஸ் கீழக்குயில்குடி நிறுத்தத்தில் நின்றது. சமணர் மலைப் பக்கமிருந்து காற்று வந்தது. பாறை பகலெல்லாம் குடித்த வெயிலைத் திருப்பிக் கொடுக்கிற சூடான காற்று. முத்திருளன் குச்சியை மடக்கிப் பைக்குள் வைத்துவிட்டு அவள் முழங்கையைத் தேடிப் பிடித்தான்.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து ஆட்சேபக் கடிதம் எழுதினான். விரல்கள் பழகின தடத்தில் ஓடின, சக்களத்தி பொரிந்து தள்ளினாள். அழகம்மாள் காப்பியை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். எழுதி முடித்தவன் போன் செட்டிங்ஸுக்குள் போய் எதையோ தேடி, குரலின் வேகத்தைக் குறைத்தான். இன்னும் குறைத்தான். இன்னும். தனக்கு அலுப்புத் தட்டுகிற அளவுக்குக் குறைத்தபிறகு, “இப்ப வெளங்குதா?” என்றான்.

“இது வெளங்குது” என்று அவள் கீழே உட்கார்ந்தாள். “ஏங்க, மெதுவாப் பேசுனா இவளும் நல்லவ மாதிரித்தான் இருக்கா.”

குரல் முழுக் கடிதத்தையும் நிறுத்தி நிதானமாக வாசித்தது. இரண்டு பேரும் கேட்டார்கள். முடிந்ததும் முத்திருளன் போனை அவள் பக்கம் நீட்டினான்.

“அனுப்புறதுக்கு முன்னாடி நீ ஒருக்கா வாசி.”

“அதான் இப்ப வாசிச்சுச்சே.”

“அது வாசிச்சுச்சு. நீ வாசி. எதையும் விடாம.”

அவள் போனை வாங்கினாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைக்கிற சத்தம், கண்ணாடியை மாட்டுகிற சத்தம்.

“ஐயா, வணக்கம்” என்று தொடங்கினாள். “நான்...”

நின்றுவிட்டாள். முத்திருளன் காத்திருந்தான். அவசரமில்லை, வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. வளையல் ஒருமுறை மேலே போய்க் கீழே இறங்கியது.

“நான் பார்வையற்றவன்” என்று வாசித்தாள். குரல் உடைந்து, பிறகு தானே ஒட்டிக்கொண்டது. “பன்னிரண்டு ஆண்டுகளாகப் பத்தாம் வகுப்பு எடுத்து வருகிறேன். இந்த இரண்டும் தங்களுக்குப் புதிய செய்தி அல்ல. வரைபடத்தை விரலால் படிக்க என் மாணவர்களுக்குத் தெரியும். என்னை மாற்றுவதற்கு முன் ஒருமுறை வகுப்புக்கு வந்து, கண்ணை மூடி, நருமதை ஆறு எங்கே ஓடுகிறது என்று தொட்டுப் பார்க்க அளைக்கிறேன்.”

“அழைக்கிறேன்” என்றான் வாத்தியார்.

“அதான, அளைக்கிறேன்” என்றாள் அவள்.

முத்திருளன் கையை நீட்டினான். அவள் போனை அவன் உள்ளங்கையில் வைத்துவிட்டுக் கையை எடுக்காமல் அப்படியே இருந்தாள். அவளுடைய விரல்களுக்கு நடுவே இடம் தேடி, அனுப்புகிற இடத்தில் அவன் கட்டைவிரல் இரண்டு தட்டுத் தட்டியது.